சமூகவியல் ஒன்று, சமூகவியல் ஆயிரம்

லோமா செக்கா சமுதாயக் கல்லூரி இரண்டு வருஷக் கல்லூரி. வாசல் பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதில் நான் ஏழாவது வருஷத்தை முடித்துக்கொண்டிருந்தேன். ஒடீலியா சில்வேரா மக்கு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு பாடத்திலும் தோற்றதில்லை, பாதிக்கு மேல் முதல் தரம். என் மகள் ஜசிந்தா பாலர் வகுப்பில் சேர்ந்த வாரம்தான் நானும் இங்கே சேர்ந்தேன். அவள் இப்போது ஆறாம் வகுப்பை முடித்துவிட்டாள்.

"மாம், உங்க காலேஜுல ரெண்டுக்கு அப்புறம் என்ன நம்பர் வரும்?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"பீன்ஸைச் சாப்பிடு" என்றேன்.

கணக்கு என்னவோ எளிதுதான். இங்கே இரண்டு வருஷம் குறைந்த செலவில் படிக்க வேண்டியது. அப்புறம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி இன்னும் இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்க வேண்டியது. பகலில் சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டுகிற எனக்கு இது தோதாகத்தான் பட்டது. உண்மையில் நான் வெல்டிங் படிக்கத்தான் போனேன். அதில் இடம் இல்லை. கவுன்சலர் திரையைப் பார்த்து, "சமூகவியல்ல இடம் இருக்கு" என்றார். அது என்ன என்று கேட்டேன். "மனுஷங்க ஏன் இப்படி இருக்காங்கன்னு படிக்கிறது" என்றார். சீஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு கவுன்சலர்கள் மாறினார்கள். ஒருவர் மண்ணியல் படி என்றார். அடுத்தவர் அது வேண்டாம், கடலியல் படி என்றார். எங்கள் ஊரிலிருந்து கடல் நூற்றைம்பது மைல். மூன்றாமவர் சொல்லி 'ஆரோக்கியத்துக்காக நடத்தல்' என்று ஒரு பாடம் எடுத்து, ஒரு பருவம் முழுக்கப் பார்க்கிங் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். செக்குமாட்டுக்காவது கடைசியில் எண்ணெய் கிடைத்தது என்ற திருப்தி இருக்கும்.

இப்படியே போய், மே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சமூகப்பணிப் படிப்பில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். காரிலேயே உட்கார்ந்து அழுதேன். கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படித்தேன். தேவையான பாடங்கள் அனைத்தும் முடித்ததற்கான தாள் ஜூலை பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மாலை வகுப்புக்கு ஆள் சேர்ப்பது இந்த வருஷத்தோடு சரி, அடுத்த வருஷம் சேர்கிறவர்களுக்குப் பகலில் மட்டும்தான். பகலில் எனக்கு சீஸ் இருக்கிறது. ஆக இந்த ஜூலை போனால் எனக்கு எல்லாம் போனது.

அந்தப் பட்டியலில் ஒரு பாடம்: சமூகவியல் 1000. நான் படித்தது சமூகவியல் 1. போன வருஷம் கல்லூரி எண்களை மாற்றிவிட்டது. அதே புத்தகம், அதே வாத்தியார், அதே கண் சிமிட்டும் குழல்விளக்கு. ஒன்றும் ஆயிரமும் ஒன்றுதான் என்று கல்லூரி ஒரு முத்திரை குத்தித் தந்தால் போதும்.

அதற்குத்தான் மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன். அங்கே வெர்லா டகெட் இருந்தார். ஐம்பத்து மூன்று வயது, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டும் ஒரே பாடம்தானே வெர்லா?"

"ஒரே பாடம்தான் கண்ணு. எங்கக்கா பையன் ரெண்டையும் எடுத்தான். வாத்தியார் அதே ஜோக்கைத்தான் சொன்னாராம்."

"அப்ப ஒரு சீல் குத்துங்க."

"இது மதிப்பீட்டு ஜன்னல். பதிவேட்டு ஜன்னல்ல இருந்து எழுதிக் கேட்டாத்தான் நாங்க பாக்க முடியும்."

"பதிவேட்டுல யாரு இருக்காங்க?"

"நான்தான். புதன்கிழமை வா."

ஆள் பற்றாக்குறையாம். திங்கள், செவ்வாய் மூன்றாம் ஜன்னலில் அவர் மதிப்பீடு. புதன், வியாழன் நாலாம் ஜன்னலில் அவரே பதிவேடு. கோடையில் வெள்ளிக்கிழமை கல்லூரியே கிடையாது. புதன்கிழமை ஒன்றரை மணி நேரம் நின்று நாலாம் ஜன்னலுக்குப் போனேன். அதே கண்ணாடி, அதே சங்கிலி.

"மதிப்பீட்டுல என்ன சொன்னாங்க கண்ணு?"

"நீங்கதான் சொன்னீங்க."

"என்ன சொன்னாங்கன்னுதான் கேக்குறேன்."

சொன்னேன். அவர் வெகு அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மதிப்பீட்டுக்காரர்கள் ரொம்பக் கெடுபிடி என்று வருத்தப்பட்டார். பிறகு மதிப்பீட்டுக்கு ஒரு கடிதம் அடித்து, உறையிலிட்டு, வெளியூர்த் தபால் கூடையில் போட்டார். அது நாற்பது மைல் தள்ளி இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கித் திரும்பி வர ஆறு வேலை நாள் ஆகும்.

"மூணாம் ஜன்னல் பக்கத்து நாற்காலிதானே?"

"ஒரு தடவை நேரா அங்க வச்சேன் கண்ணு. அந்தத் தாள் எனக்கு வந்து சேரலைன்னு நானே எனக்கு எழுதவேண்டியதாப் போச்சு."

கடிதம் போய் வந்தது. மதிப்பீட்டு வெர்லா அதைப் பிரித்துப் படித்துவிட்டு, இது தன் அதிகாரத்தில் இல்லை, டீனிடம் போ என்றார். டீனைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய 'வெற்றிப் பயண விழா'வுக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறவர்களை வாழ்த்தி வருஷா வருஷம் நடக்கும் விழா. நீல நிற கேக், அட்டைத் தொப்பி, பலூன்.

டீனின் பெயர் டாக்டர் ப்ரென்ட் ஹால்வர்சன். மாணவர் வெற்றிப் பயணம், தொடர்ச்சி மற்றும் சேர்ந்திருத்தல் துறைக்கு அவர் தலைவர். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நண்பர்களே, வெற்றின்னா என்ன? ஒரு மாணவர் நம்மகிட்ட வர்றார். தங்குறார். அடுத்த வருஷமும் தங்குறார். இந்த மாநிலத்துலயே மாணவர்களை நம்ம அளவுக்குத் தங்க வைக்கிற கல்லூரி வேற கிடையாது. ரெண்டு வருஷம்னு வந்தவங்க பத்து வருஷம் இருக்காங்கன்னா அதுக்குப் பேரு என்ன? அன்பு. இன்னொரு சந்தோஷமான செய்தி. போன வருஷம் இந்த விழாவுக்கு வந்தவங்கள்ல தொண்ணூறு சதவீதம் பேர் இந்த வருஷமும் வந்திருக்காங்க."

எல்லோரும் கைதட்டினோம். எனக்குப் பக்கத்தில் நின்ற கூரை போடுகிற ஆள் தன் தொப்பியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அவருக்கு இது நாலாவது விழா.

கேக் மேசையில் டீனைப் பிடித்தேன்.

"என்னை 'டாக்டர் பி'ன்னு கூப்பிடுங்க. உங்க குரல் எனக்கு முக்கியம்" என்றார்.

"எனக்கு ஒரு சீல்தான் முக்கியம், டாக்டர் பி."

"அது பாட எண் சமநிலைக் குழுவோட வேலை. நான்தான் அதுக்குத் தலைவர். ஆனா குழு பதினாலு மாசமாக் கூடலை. மாணவர் உறுப்பினர் இல்ல. யாரும் வர மாட்டேங்கறாங்க. மாணவர்களுக்கு ஆர்வமே இல்ல, ஒடீலியா. அதுதான் என் வருத்தம்."

நான் வருகிறேன் என்றேன். கேக் தட்டிலேயே வைத்து எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி குழு கூடியது. டீன், ஒரு நூலகர், திராட்சை தின்றுகொண்டே இருக்கும் கணக்கு வாத்தியார், எப்போதும் தூங்கி வழியும் ஒரு உடற்கல்வி வாத்தியார், நான். மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் இருந்தால்தான் முடிவு செல்லும். மூலையில் குறிப்பெழுத வெர்லா. முதல் விஷயமே என்னுடைய பாடம்தான்.

"உங்க சொந்த விஷயம் வர்றப்ப நீங்க ஒதுங்கணும், ஒடீலியா. வெளிய நிக்கணும்" என்றார் டீன்.

வெளியே போனேன். ஒரு நிமிஷத்தில் கதவைத் திறந்தார்.

"இப்ப நாலு பேர்தான் இருக்கோம். நாலு பேரை வச்சு முடிவெடுக்க முடியாது. கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

உள்ளே போனேன்.

"நல்லது. அஞ்சு பேர் ஆச்சு. இப்ப உங்க விஷயம். ஒதுங்குங்க."

மூன்று தடவை போய் வந்தேன். நாலாவது தடவை கணக்கு வாத்தியார் எனக்கும் ஒரு கொத்து திராட்சை கொடுத்தனுப்பினார். வெர்லா ஒன்றுவிடாமல் எழுதினார்: நாலு பத்துக்கு வெளியே, நாலு பதினொன்றுக்கு உள்ளே. ஐந்து மணிக்குக் கூட்டம் முடிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் தரத் தயார், பக்தையைத்தான் கோவிலுக்குள் நிற்க விடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் என் சமூகவியல் வாத்தியார் செங் வூ தன் காரில் உட்கார்ந்து பசைச்சோற்றை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நாலு கல்லூரிகளில் பாடம் எடுக்கிறார், ஒன்றிலும் அறை கிடையாது. பின் இருக்கைதான் அலுவலகம். போய் ஆற்றாமையைக் கொட்டினேன்.

"இது உன் பிரச்சினையா, எல்லார் பிரச்சினையா?" என்றார்.

"என்னோடதுதான் சார்."

"எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டியா?"

"இல்ல."

"ரெண்டாம் வாரப் பாடம்மா இது. ஒருத்திக்கு வேலை போனா அவ துரதிர்ஷ்டம். ஊர்ல பாதிப் பேருக்குப் போனா அது வேற கதை. நீ அதுல என்ன தரம் வாங்கின?"

"முதல் தரம்."

"யாரு திருத்தினது?"

"நீங்கதான் சார்."

"ம்ம். ரெண்டு பேருமே சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை எடுத்தார்.

எனக்கு மண்டையில் உறைத்தது. ஏழு வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமையே வரிசையில் ஆட்களிடம் கேட்டு எழுதலாம் என்று பார்த்தால், மனிதர்களிடம் கேள்வி கேட்க ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி வேண்டுமாம். எட்டு வாரம் ஆகுமாம். சரி, கேள்விதானே கேட்கக் கூடாது. புலம்பலாம் அல்லவா? வரிசையில் போய் நின்று உரக்கப் புலம்பினேன். "நான் ஒண்ணு படிச்சேன், இவங்க ஆயிரம் கேக்குறாங்க" என்று ஆரம்பித்ததுதான் தாமதம். முன்னால் இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்ற பெண் திரும்பி, "உனக்குமா?" என்றாள். அவளுக்கு உளவியலில் அதே கதை. அவளுக்கு முன்னால் நின்றவருக்கு வரலாற்றில். கூரைக்காரருக்கு நாலு பாடத்தில். நாலு நாள் புலம்பினேன். நாற்பத்து மூன்று பேர் பதில் புலம்பினார்கள். அதில் முப்பத்தொரு பேர் சிக்கியிருந்தது இதே எண் குழியில். அவரவர் பெயரையும் பழைய எண்ணையும் அவரவரே என் சீஸ் ஆலைச் சம்பள உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூலை பத்தாம் தேதி மறுபடி கூட்டம். என் பெயரில் இருந்த விஷயத்தை வாபஸ் வாங்கிவிட்டு வேறொன்று கொண்டுவந்தேன். எந்த வருஷம் படித்திருந்தாலும், பழைய எண் எதுவாக இருந்தாலும், அது அதே பாடத்தின் புது எண்ணுக்குச் சமம். எல்லா மாணவருக்கும்.

டீன் இரண்டு தடவை படித்தார்.

"இதுல நீங்களும் அடங்குறீங்களே. ஒதுங்கணுமே."

"எல்லாரும் அடங்குறாங்க சார். அதுக்காக ஒதுங்கணும்னா மாணவர் யாருமே இந்த நாற்காலில உக்கார முடியாது."

நூலகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "தனிப்பட்ட விஷயம்னாத்தான் ஒதுங்கணும்னு போட்டிருக்கு. இது பொது விஷயம். அவங்க இருக்கலாம்" என்றார்.

சம்பள உறையை மேசையில் வைத்தேன். உடற்கல்வி வாத்தியார்கூட விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். டீனின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்சம் யோசிங்க நண்பர்களே. வரிசையில நின்னவங்களே முப்பத்தொண்ணு. கல்லூரி முழுக்க எடுத்தா நானூறு பேர் இருப்பாங்க. நானூறு பேருக்கும் ஒரே நாள்ல சமம்னு சொல்லிட்டா என்ன ஆகும்? போயிருவாங்க. நானூறு பேரும் போயிருவாங்க. அப்புறம் தங்கினவங்க கணக்கை நான் எங்க காட்டுறது? மாணவர்கள் படிச்சு முடிக்கிறதுக்கு நான் எதிரி இல்ல. ஆனா எல்லாரும் முடிச்சுட்டா இந்தத் துறை எதுக்கு?"

மூலையில் வெர்லாவின் விசைப்பலகை மட்டும் டக் டக் என்றது.

"வெர்லா, அதை எழுதாதீங்க."

"எழுதிட்டேன் சார். இப்ப நீங்க எழுதாதீங்கன்னு சொன்னதையும் எழுதணுமா?"

குறிப்பு மூன்று நாளில் பொதுமக்கள் பார்வைக்குப் போகும். அது சட்டம். டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஓட்டெடுப்பு நடந்தது. ஐந்துக்கு ஐந்து.

"இந்த யோசனை ரொம்ப நாளா என் மனசுல இருந்தது" என்றார் டீன்.

ஜூலை பதினாலு, திங்கட்கிழமை. மறுநாள் கெடு. மூன்றாம் ஜன்னலில் வெர்லா என் தாளில் மதிப்பீட்டு முத்திரையைக் குத்தினார். அப்புறம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பதிவேட்டுல ஒரு கையெழுத்து வேணும் கண்ணு. அது புதன்கிழமை."

"புதன்கிழமைக்கு என் இடம் இருக்காது வெர்லா." குரல் உடைந்துவிட்டது. எனக்கே அவமானமாக இருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து, கண்ணாடிச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். நாலாம் ஜன்னலின் திரையை மேலே தூக்கினார்.

"திங்கட்கிழமை நான் இங்க உக்காந்ததே இல்ல. இந்தப் பக்கம் ஏசி கொஞ்சம் கூடதான்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அங்கிருந்தே கணினி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதிலையும் அச்சடித்துக் கொடுத்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் கையை உருவிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். ஒரு பழைய கோப்பை எடுத்தார்.

"நானும் இங்க ரெண்டு வருஷம்னுதான் வந்தேன் கண்ணு. இருபத்திரண்டு வயசு. படிக்கிறப்பவே பகுதி நேரமா இந்த ஜன்னல்ல உக்கார வச்சாங்க. என் சமூகவியலுக்கு அப்ப நம்பர் பதினொண்ணு. அப்புறம் மூணு தடவை மாத்திட்டாங்க. பதினொரு வருஷமா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடறேன். எல்லாத் தடவையும் இடம் குடுத்தாங்க. தாள் போகாம எல்லாத் தடவையும் போச்சு. இந்த வருஷமும் குடுத்திருக்காங்க. உன் வகுப்புதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எந்த ஜன்னல்ல போய்ச் சொல்றது?"

"இப்ப குத்திக்க வேண்டியதுதானே."

"என் தாள்ல நானே குத்தலாமா? வேற யாராவதுதான் குத்தணும்."

இரண்டு ஜன்னல்களின் திரையையும் திறந்தபடியே விட்டுவிட்டு, பக்கக் கதவு வழியாக வெளியே வந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் இருபத்தாறு பேர். எல்லோரும் முன்னால் வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். ஜன்னலில் ஆள் இல்லை. வரிசை அப்படியே நின்றது. கால் மணி நேரத்தில் சத்தம் கேட்டு டீன் இறங்கி வந்தார்.

"ஜன்னல்ல ஏன் யாருமில்ல?"

"நான் இங்க இருக்கேன் சார்" என்றார் வெர்லா, கடைசியிலிருந்து.

டீன் சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்தேழு பேர் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே போய் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்தார். இரட்டைக் குழந்தைக்காரி தன் தாளை நீட்டினாள். டீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் என்ன பண்ணணும்?"

"அந்த சிவப்பு சீலைக் குத்தணும் சார். அப்புறம் கீழ கையெழுத்து."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. எது மதிப்பீடு, எது பதிவேடு, எது புதன்கிழமை என்று எதுவும் தெரியாது. குத்தினார், போட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டார். நாற்பது நிமிஷத்தில் இருபத்தேழு தாள். கூரைக்காரர் தன் நாலு பாடத்துக்கும் வாங்கிக்கொண்டு போனார். வெர்லாவின் முறை வந்தபோது டீன் பெயரைக்கூடப் பார்க்காமல் குத்தித் தள்ளினார். வெர்லா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாதபடி சுவரோரம் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய் அதைத் தானே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அடுத்த வாரம் கல்லூரி டீனுக்கு ஜன்னல் வேலையை முறையாகக் கற்றுக்கொடுக்க மூன்று நாள் பயிற்சி ஏற்பாடு செய்ததாகக் கேள்வி.

ஆகஸ்ட் கடைசியில் பல்கலைக்கழகத்தில் அடையாள அட்டை வாங்க நானும் வெர்லாவும் ஒரே காரில் போனோம். அங்கேயும் வரிசை. வெர்லா புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி எட்டி எட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த இளம் பெண் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டாள், அட்டையைக் கொடுத்தாள், சிரித்தாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெர்லா என் காதருகே குனிந்தார்.

"பாவம் கண்ணு, புதுசு போல. யாரையுமே திருப்பி அனுப்பத் தெரியல."